ஹில்மாவின் கரண்டியில் வந்த ஈயம்

எங்கள் ஊர் எய்னாரி கார்ப்பினென் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் குண்டைத் துப்பாக்கியில் போட வேண்டியதே இல்லை. உள்ளங்கையில் வைத்து நீட்டிக் காட்டினால் போதும், மூஸ் மான் முன்னங்கால்களை மடக்கிப் படுத்துவிடும். ஒருமுறை அப்படிப் படுத்த மூஸ் ஒன்று, குண்டின் எடை சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் உயிரை விட்டது.

சரி, இதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. மூஸ் கேட்கவில்லை. கேட்டது எய்னாரி. அவன் எதையும் கேட்ட பிறகுதான் நம்புவான். கேட்ட பிறகும் நம்பமாட்டான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழில் அப்படி. இருபது வயதில் ஊர்ப் பால் நிலையத்தில் சேர்ந்தான். அது மூடப்படும்வரை நாற்பது வருஷம் ஒரே வேலை. காலையில் வண்டி வண்டியாக வரும் பால் கேன்களில் கண்ணாடி மிதவையை விட்டு, யார் வீட்டுப் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பது. நாற்பது வருஷம் அடுத்தவன் பாலில் தண்ணீர் தேடியவனுக்கு அப்புறம் எதைப் பார்த்தாலும் தண்ணீர்தான் தெரியும். கல்யாணத்தன்று பாதிரியார் நீட்டிய மோதிரத்தை அவன் பல்லில் கடித்துப் பார்த்ததாக ஊரில் சொல்வார்கள். அவன் மனைவி லெம்பி இதுவரை அதை மறுத்ததில்லை.

பால் நிலையத்தை மூடியபோது மற்றவர்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எய்னாரி கடிகாரம் வேண்டாம் என்றான். "அது சரியா ஓடுதான்னு பாக்க இன்னொரு கடிகாரம் வேணும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னத் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தலைமயிர் ஒன்றை வைத்தாலும் தட்டு இறங்கும். எடை போடப் பால் இல்லை. குண்டு இருந்தது.

எங்கள் வேட்டைக் குழுவில் பதினொரு துப்பாக்கி. எல்லாம் ஒரே அளவு. தோட்டாக்களைச் சேர்த்து வாங்குவது வழக்கம். ஆகவே எந்தக் குண்டு என்பதை ஒருவர் முடிவு செய்தால் போதும். அந்த ஒருவர் எய்னாரி. இதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது, ஏனென்றால் மூஸுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பது என்பதே இரண்டு பக்கமும் சந்தேகப்படும் வேலை. மூஸ் நானூறு கிலோ. தேவதாரு மரங்களுக்குள் ஐம்பது அறுபது அடி வைக்கும் தூரத்தில் நிற்கும். அதன் எதிரே நாய் குரைத்துக்கொண்டிருக்கும். குண்டு சீக்கிரம் விரிந்து சிதறினால் தோள் எலும்பிலேயே நின்றுவிடும். அடிபட்ட மூஸ் சதுப்புக்குள் போகும். அதன் பின்னால் முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நாம் போக வேண்டும். விரியவே இல்லையென்றால் ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போய் நாயின் மேல் பாயும். அப்படி ஒரு நாய் செத்தால், சுட்டவன் ஊரில் தலை காட்ட முடியாது. மூஸைத் தவறவிட்டவனைக்கூட மன்னிப்போம்.

அதனால் புதுப் பெட்டி வந்ததும் எய்னாரி தோட்டாவைப் பிரித்து இருபது குண்டையும் ஒவ்வொன்றாக நிறுப்பான். பதின்மூன்று கிராமுக்கு ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் அது பயிற்சிப் பலகைக்குப் போய்விடும். ஒன்றை எடுத்து இரும்பு ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, ஈயத்தின் மேல் போர்த்திய செம்புச் சட்டை மூக்கில் எவ்வளவு மெல்லிசு, அடியில் எவ்வளவு தடிப்பு என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பான். மூஸைத் தோலுரிக்கும்போது கிடைக்கிற குண்டை யாரும் சட்டைப்பையில் போடக் கூடாது, எய்னாரியிடம் கொடுத்துவிட வேண்டும். காளான் மாதிரி விரிந்திருக்கும் அதைக் கழுவி, நிறுத்து, யார் சுட்டது, எத்தனை அடி, எந்த எலும்பு என்று சீட்டு எழுதிக் கடுகுச் சாந்துப் புட்டியில் போட்டு வைப்பான். நிறுத்து முடித்ததும் சுட்டவனை ஒரு பார்வை பார்ப்பான்.

"போனது பதின்மூணு. வந்தது ஒம்பது. மீதி நாலு கிராம் எங்க?"

அந்த ஆள் அதை எடுத்து மனைவிக்குக் கொடுத்துவிட்டது போலக் கேட்பான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் வசந்தத்தில் அவன் மகளைக் கட்டிய ரெய்யோ ஔலு நகரத்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். கறி வெட்டும் கொட்டகையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ரெய்யோ ஒரு தோட்டாவை மாமனாரிடம் நீட்டினான்.

"மாமா, இதைப் பாருங்க. முழுக்கச் செம்பு. ஈயமே கிடையாது. உள்ள போனா நாலு இதழா விரியும். ஒரு துளி உதிராது."

எய்னாரி தோட்டாவை வாங்கவில்லை. பெட்டியை வாங்கி அதன் அடியைப் பார்த்தான்.

"உதிரவே உதிராதா?"

"பதினொன்றரை போச்சுன்னா பதினொன்றரை திரும்ப வரும்."

"ஒண்ணையும் விட்டுக்குடுக்காதவனை நாப்பது வருஷம் பாத்திருக்கேன், மாப்ளே. அவன்தான் பால்ல தண்ணி ஊத்துவான்."

"இது குண்டு மாமா. பால் இல்ல."

"நீளமா இருக்கே."

"செம்பு ஈயத்தைவிட லேசு. எடை ரொம்பக் குறையக் கூடாதுன்னா நீளமாத்தான் இருக்கும்."

"அப்ப எதையோ ஒளிக்குது."

ரெய்யோ நல்ல பையன், ஆனால் அன்று பொறுமை போய்விட்டது. "உங்க ஈயத்துல நாலு கிராம் கறிக்குள்ள காணாமப் போகுதே, அது யாரு வயித்துக்குப் போகுது? உங்க பேத்தி வயித்துக்குத்தானே?"

"ரத்தம் கட்டின இடத்தைச் சுத்தி ஒரு சாணுக்கு நானே அறுத்து எறியறேன். இந்தக் கையால."

"எறியறதை நாய்க்குப் போடறீங்க" என்றாள் லெம்பி, கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமலே. "அது நாய். திருப்பிக் கேக்காது."

அந்த இலையுதிர் காலத்துக்கும் ஈயம்தான் என்று எய்னாரி முடிவு சொன்னான். ரெய்யோ தலையாட்டினான். தலையாட்டிய வேகம் எய்னாரிக்குப் பிடிக்கவில்லை. வேட்டை தொடங்கிய நாளிலிருந்து காலையில் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது, "பையைக் காட்டு" என்பான். ரெய்யோ தோட்டாப் பையைக் கவிழ்த்துக் காட்டுவான். மாமனார் ஒவ்வொன்றாக மூக்கைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பான். மற்ற ஒன்பது பேரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

ஆறு மூஸ் கிடைத்தது. ஆறாவதைச் சுட்டது எய்னாரி. ஐம்பது அடியில், தோளில். நின்ற இடத்திலேயே விழுந்தது. குண்டு மறுபக்கத் தோலுக்கடியில் அழகான காளானாகக் கிடந்தது. ஒன்பதே கால் கிராம். அவன் சிரித்து நான் பார்த்த மூன்று தடவைகளில் அது ஒன்று. அந்த மூஸின் தோள்கறியைத்தான், ஒரு சாண் சுற்றி அவன் கையாலேயே அறுத்து எறிந்தபின், மூஸ் விருந்துக்கு ஒதுக்கினோம்.

மூஸ் விருந்து என்பது நாங்கள் ஊருக்குக் கட்டும் வாடகை. காடு எங்களுடையது இல்லை, ஊர்க்காரர்களுடையது. அவர்கள் காட்டில் நடக்க விட்டதற்கு நவம்பரில் ஒரு சனிக்கிழமை சூப் போட்டு, ரை தானிய ரொட்டியும் காபியும் கொடுத்து உபசரிப்போம். அந்த வருஷம் உபசாரம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, காரணம் ஹில்மா தெர்வோ.

ஹில்மா விதவை. ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவே நானூற்று இருபது ஹெக்டேர் காடு அவளுடையது. எங்கள் வேட்டை நிலம் மொத்தம் ஆயிரத்து முந்நூறு. ஒரே துண்டாக ஆயிரத்துக்குக் கீழே போனால் மூஸ் சுட அனுமதிச் சீட்டே கிடையாது, சட்டம் அது. அவள் நிலம் போனால் ஆயிரமும் இல்லை, ஒரே துண்டும் இல்லை. பதினொரு துப்பாக்கியையும் சுவரில் மாட்டிவிட்டுக் காளான் பொறுக்கப் போக வேண்டியதுதான். அவளோடு போட்ட பத்து வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிய இருந்தது. "சூப்பைக் குடிக்கறேன். காபிக்கு அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லியிருந்தாள். காகிதமும் பேனாவும் அவள் மேசையில், காற்றில் பறக்காமல் இருக்கக் காபித் தட்டுக்கு அடியில் காத்திருந்தன.

அவளுக்கும் எய்னாரிக்கும் பேச்சு கிடையாது. அறுபத்திரண்டாம் வருஷம் அவள் புருஷன் கல்லேயின் பாலில் தண்ணீர் இருப்பதாக எய்னாரி எழுதினான். ஒரு வாரம் அந்தச் சீட்டு பால் நிலையக் கதவில் ஒட்டியிருந்தது. கல்லே அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேவாலயத்துக்கு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஹில்மா எல்லா மூஸ் விருந்துக்கும் வந்தாள், இரண்டு தட்டு சாப்பிட்டாள், எய்னாரி உட்கார்ந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

விருந்து மூடிப்போன பழைய பள்ளிக்கூடத்தில். அங்கே முப்பது வருஷம் பாடம் சொன்னவள் நான். இப்போது அதே வகுப்பறையில் ராணுவக் கிடங்கிலிருந்து வாங்கிய மூன்று அண்டாக்களுக்குத் தலைமை. உருளைக்கிழங்கு, கேரட், மிளகு, பிரிஞ்சி இலை, மூஸ் தோள்கறி. தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது "டிக்" என்று ஒரு சத்தம்.

ஹில்மா கரண்டியை வைத்தாள். இரண்டு விரலால் வாயிலிருந்து எதையோ எடுத்தாள். காபித் தட்டில் போட்டாள். பார்லி மணி அளவு, சாம்பல் நிறம்.

"ஈயம்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. தேவையும் இல்லை. தொண்ணூறு கரண்டி நின்றது. பிறகு தொண்ணூறு கரண்டியும் தத்தம் தட்டைத் துழாவத் தொடங்கியது. கடைக்காரர் ஒரு துண்டுக் கறியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாதிரியார் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, விழுங்கியிருக்கக் கூடாது என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஹில்மா எழுந்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக எய்னாரியைப் பார்த்தாள்.

"உன் குண்டு என் வாய்வரைக்கும் வந்துருச்சு, பால் சோதனைக்காரா."

காகிதத்தை ஒரு விரலால் மேசையின் மறுஓரத்துக்குத் தள்ளினாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எய்னாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவன் பார்த்தது ஹில்மாவை இல்லை, மாப்பிள்ளையை.

"நீ எங்க நின்னுட்டிருந்தே?"

"காபி ஊத்திட்டிருந்தேன் மாமா."

"அவ மேசைக்கும் போனியா?"

"எல்லா மேசைக்கும் போனேன். காபி ஊத்தறவன் எப்படி மாமா போகாம இருக்கறது?"

"அதான் கேக்கறேன்."

ரெய்யோவின் காது சிவந்தது. "நான் ஈயத்தைக் கொண்டுபோய்ப் போட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. எங்க நின்னேன்னு கேட்டேன்." பிறகு ஹில்மாவிடம் திரும்பினான். "எஜமானியம்மா, அதைக் கொஞ்சம் காட்டுங்க."

"காட்டறேன். தரமாட்டேன். உன் கைக்கு வந்தது வேற மாதிரி எழுதப்பட்டுத்தான் வெளியே போகும்."

"நிறுத்துப் பாக்கணும்."

"என் எதிர்லயே நிறு. என் விரல் அதுமேலயே இருக்கும்."

"விரலையும் சேத்து நிறுக்க முடியாதே."

"அப்ப விரல் பக்கத்துல இருக்கும்."

எய்னாரி லெம்பியை வீட்டுக்கு அனுப்பித் தராசையும் கடுகுப் புட்டியையும் எடுத்துவரச் சொன்னான்.

"ஊரே பாக்குது" என்றாள் லெம்பி பல்லைக் கடித்துக்கொண்டு. "உக்காந்து சூப்பைக் குடி."

"ஊரே பாக்கறதாலதான் போகச் சொல்றேன்."

அவள் காலால் உந்தும் பனிவண்டியில் போய்வந்த கால்மணி நேரம் யாரும் சாப்பிடவில்லை, யாரும் எழுந்தும் போகவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹில்மா தட்டின் மேல் குவளையைக் கவிழ்த்து அதன்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

தராசு வந்தது. நிறுத்தான். அரை கிராமுக்கும் குறைவு. அது ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் அரை கிராம் இருக்கலாம். பிறகு புட்டியிலிருந்து தன் மூஸின் குண்டையே எடுத்தான். அதன் விரிந்த விளிம்பில் கத்தியை வைத்தான். ஈயம் பாலாடைக்கட்டி மாதிரி அறுபட்டது. அறுத்த இடம் வெள்ளி போல மின்னியது. அந்தச் செதிலை எல்லா மேசைக்கும் அனுப்பிக் காட்டினான்.

"இப்ப உங்களது."

"பாதியத்தான் தொடணும்" என்றாள் ஹில்மா. "பாதி எனக்குச் சாட்சி."

கத்தி வழுக்கியது. மறுபடி வைத்தான், வழுக்கியது. மூன்றாம் முறை கத்தியின் முதுகைத் தட்டினான். மணி "டக்" என்று இரண்டாக உடைந்தது. ஓரத்தில் கொஞ்சம் பொடி உதிர்ந்தது. எய்னாரி பொடியை விரலில் தொட்டு, மோந்து, உள்ளங்கையில் தேய்த்தான்.

"ஈயம் உடையாது" என்றான். "அறுபடும், நசுங்கும். உடையாது."

ரெய்யோ குனிந்து நெடுநேரம் பார்த்தான். அது ஈயமாக இருந்திருந்தால் அடுத்த வருஷம் அவனுடைய செம்புதான், அது எல்லாருக்கும் தெரியும். நிமிர்ந்து சொன்னான்: "ஈயம் இல்ல. மாமா சொல்றது சரி."

எய்னாரி அவனை முறைத்தான். "நீ எதுக்கு ஒத்துக்கறே?"

இந்த இடத்தில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஹில்மா சிரிக்கவில்லை. "ஈயம் இல்லன்னா அது என்ன? உங்க சூப்புலதானே வந்துச்சு? நான் வீட்லேந்து கொண்டுவரல."

லெம்பி எட்டிப் பார்த்தாள். "பல்லு ஓட்டையை அடைப்பாங்களே, அது மாதிரி இருக்கு."

தொண்ணூறு பேரும் ஹில்மாவின் கன்னத்தைப் பார்த்தோம். எய்னாரியின் கண்ணில் பழைய பால் நிலைய வெளிச்சம் வந்தது. "எஜமானியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பல்லுலேந்தே..."

ஹில்மா வாயில் கையை விட்டு மேல்வரிசையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு கீழ்வரிசை. இரண்டையும் எல்லாரும் நன்றாகப் பார்க்கும்வரை காத்திருந்து, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"பத்தொம்பது வயசுல, கல்யாணத்துக்கு முந்தின வசந்தத்துல, ஒரே நாள்ல எல்லாத்தையும் பிடுங்கியாச்சு. புருஷன் வீட்டுக்குப் பல்லு செலவு வைக்கக் கூடாதுன்னு எங்கப்பா குடுத்த சீதனம் இது. இதுல அடைப்பு எங்கடா இருக்கு?"

அவள் வயதில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு அதே சீதனம்தான். எய்னாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவன் மாமியாருக்கும் அப்படித்தான்.

"சரி" என்றான். "சூப்பைத் தொட்டவங்க எல்லாம் இங்க வாங்க."

ஆறு பேர் இருந்தோம். கரும்பலகைக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தான். ரெய்யோவிடம் டார்ச் லைட்டைக் கொடுத்தான். கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி, ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். கிழங்கு நறுக்கியவர்கள், ரொட்டி வெட்டியவர்கள், அண்டா தூக்கியவர்கள். "ஆ சொல்லு. இன்னும் பெரிசா. இது எப்ப அடைச்சது? யாரு அடைச்சா?" கேனில் மிதவையை விடும் அதே முகம்.

நான் ஆறாவது. ஹில்மா பல்லைக் கழற்றிய நேரத்திலேயே என் நாக்கு தானாக இடது பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு பள்ளம். காலை பத்து மணிக்கு அண்டாவிலிருந்து ஒரு துண்டுத் தோள்கறியை எடுத்து, வெந்ததா என்று கடித்துப் பார்த்து, பல்லில் இடறியதை நரம்பு என்று நினைத்துப் பாதியைத் திரும்ப அண்டாவிலேயே துப்பிவிட்டேன். அதை யாரிடமும் சொல்வதாக இல்லை. ஊருக்கே உண்மை பேசச் சொல்லிக் கொடுத்த கரும்பலகை முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. நான் வாயை இறுக மூடி நின்றேன். இந்த ஊரில் நான் வாயை மூடிப் பார்த்தவர்கள் குறைவு. எய்னாரி அதிலேயே கண்டுபிடித்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

"டீச்சர், திறங்க."

திறந்தேன்.

"கீழ, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது" என்றான். "ஓட்டை. புதுசு." உடைந்த மணியின் பாதியை ஹில்மாவிடம் அனுமதி கேட்டு வாங்கி, என் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். "இதுதான்."

"அப்ப நான் டீச்சரோட பல்லையா கடிச்சேன்?" என்றாள் ஹில்மா.

"அடைப்பை மட்டும்தான்" என்றேன்.

பள்ளிக்கூடம் இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். பாதிரியார்கூட. யாரோ பேனாவைப் பொறுக்கித் துடைத்து வைத்தார்கள். யாரோ காகிதத்தை மெல்ல மெல்ல ஹில்மாவின் பக்கம் நகர்த்தினார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

"எய்னாரி" என்றாள். "இப்ப எத்தனை வாய் பாத்தே?"

"ஆறு."

"உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு ஆறு வாய் பாத்தே. நிறுத்தே, அறுத்தே, மோந்து பாத்தே. கல்லேயோட பாலுக்கு எத்தனை தடவை மிதவை விட்டே?"

சிரிப்பு கடைசி மேசைவரை அணைந்தது.

"ஒரு தடவை" என்றான் எய்னாரி.

"கேனைக் கவுத்துப் பாத்தியா?"

"இல்ல."

"எங்க கொட்டகைக்கு வந்தியா? யாரு கேன் கழுவறான்னு கேட்டியா?"

"இல்ல."

"பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி அந்த மாசம்தான் வேலைக்கு வந்திருந்தா. கழுவுன தண்ணியைக் கவுக்காமலே பாலை ஊத்தியிருக்கா. ரெண்டு வாரம் கழிச்சு அழுதுகிட்டே சொன்னா. அதுக்குள்ள உன் சீட்டு கதவுல காஞ்சு போச்சு. கல்லே உங்கிட்ட வந்து சொன்னான். நீ என்ன சொன்னே?"

எய்னாரி தராசின் எதிரே உட்கார்ந்து அதன் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். திறந்தான். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொன்னேன்."

"ஆமா" என்றாள் ஹில்மா. "அதைத்தான் சொன்னே."

அப்புறம் நடந்தது இது. எய்னாரி தொண்ணூறு பேருக்கு முன்னால் எழுந்து நின்றான். "நான் பாக்கல" என்றான். பின்வரிசையில் காது கேளாத கிழவர்கள் இருந்ததால் இன்னொரு முறை, "கேனைக் கவுத்துப் பாக்கல. பாத்திருக்கணும்" என்று உரக்கச் சொன்னான். ஹில்மா ஒரு நிமிஷம் அவனை நிறுத்துப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள், இன்னொரு பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள், மூன்றாவது தட்டு சூப் கேட்டாள். அடுத்த இலையுதிர் காலத்தில் எங்கள் பதினொரு துப்பாக்கிக்கும் செம்புக் குண்டு வந்தது. எய்னாரி தானாகவே பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தான். காரணம் கேட்டவர்களுக்கு, "நீளமாத்தான் இருக்கு. பழகிக்கலாம்" என்றான். முதல் மூஸில் பதினொன்றரை போய்ப் பதினொன்றரை வந்தது. மூன்று முறை நிறுத்தான். தராசை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து உள்ளறையில் வைத்து நான்காம் முறை நிறுத்தான். "ஒரு குறையும் இல்ல" என்று அவன் சொன்னபோது, அது பாராட்டா குற்றச்சாட்டா என்று எனக்குப் புரியவில்லை. மனசை எது மாற்றியது என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகிறது. இவ்வளவையும் எழுதி, இன்று மத்தியானம் லெம்பியின் அடுக்களையில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எய்னாரி பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். லெம்பி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் காலுறை பின்னுவதை மடியில் வைத்தாள்.

"தொண்ணூறு பேர் இல்ல டீச்சர். நாப்பத்திரண்டு. கோப்பை கழுவினவ நான்."

"சரி, நாப்பத்திரண்டு."

"அன்னைக்கு அவ கையெழுத்துப் போடல."

"போட்டாளே!"

"உனக்குப் பல்லு வலி, நீ சீக்கிரம் போயிட்டே. இவன் எந்திரிச்சு நின்னது நிஜம். சொன்னதும் நிஜம். அவ காகிதத்தை மடிச்சுக் கைப்பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. ராத்திரி பூரா இவன் தூங்கல. காலையில எங்கிட்டக்கூடச் சொல்லாம அவ வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தப்பறம்தான் எல்லாம் சொன்னான். அவ கதவைத் திறந்து வாசல்லயே நிக்க வெச்சுக் கேட்டிருக்கா: 'அந்தப் பழைய கதையை விடு. அந்தக் கறியைத்தானே உன் பேத்தியும் திங்குது? எவ்வளவு ஈயம் உள்ள போகுதுன்னு உனக்குத் தெரியுமா?' இவன் தெரியாதுன்னான். 'தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல உனக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆயிருக்கு, உள்ள வா'ன்னு காபி குடுத்தா. மாப்பிள்ளையோட குண்டுக்கு மாறுனாத்தான் கையெழுத்துன்னா. சரின்னுட்டு வந்தான்."

"அப்ப பத்து வருஷத்துக்கு அங்கதான் போட்டாளா?"

"பத்தா? ஒரு வருஷத்துக்கு" என்றாள் லெம்பி. "அதுக்கப்புறமும் ஒவ்வொரு வருஷமாத்தான். இவன் நவம்பர்ல போய் வாங்கிட்டு வர்றான். போன வாரம்கூடப் போனான். புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, குண்டை எல்லாம் அவளே எடுத்துப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம்."